வாவிக்கரையிலிருந்து சிவனொளிபாதம்
ஒரு பகல் முழுதும் ஏறும் மலை

மட்டக்களப்பு நாடு நீருக்கும் நெல்லுக்கும் பெயர் பெற்றது. மலைக்குப் பெயர் பெற்றதன்று. ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வாவியின் ஒருபுறத்தை எழுவான்கரை என்றும், மறுபுறத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் அழைத்தனர். கதிரவன் எழுவதும் படுவதுமே நமக்குத் திசை காட்டின. மேடு பள்ளம் காட்டித் திசை சொல்ல வேண்டிய தேவை நமக்கு நேர்ந்ததில்லை. வானம் தெளிந்த காலையில் மேற்கே தோன்றும் குடும்பிமலைதான் நம் சிறுவர் பலர் முதன்முதலிற் காணும் மலை. அதன் உயரமும் 534 மீட்டரே.

இத்தகைய சமநிலத்தில் வளர்ந்த ஒருவர் கடல் மட்டத்திலிருந்து 2,243 மீட்டர், அதாவது 7,359 அடி, உயர்ந்து நிற்கும் சிகரமொன்றின் மேல் ஒரே பகலில் தம் கால்களாலேயே ஏறி, மறுபக்கம் இறங்கிவர இயலுமா? இயலும் என்பதே விடை. ஆனால் அவ்விடைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆல்ப்ஸ் மலைகளைப் போன்று மரம் நின்றுபோய்ப் புல்லும் பாறையும் பனியுமே எஞ்சும் சிகரங்கள் இலங்கையில் இல்லை. வெப்ப வலயத்தில் மரங்கள் வளராத எல்லை ஏறத்தாழ 3,500 மீட்டருக்கு மேலேதான் தொடங்குகின்றது. நம் நாட்டின் அதியுயர்ந்த பிதுருதலாகலை மலையே 2,524 மீட்டர்தான். எனினும், நாள் முழுவதும் மலைமுதுகு பற்றி ஏறி, இறுதியிற் செங்குத்தான பாறையைச் சங்கிலி பிடித்துக் கடக்கும் அநுபவம் வேண்டுவோர் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. இரத்தினபுரிப் பக்கமிருந்து சிவனொளிபாத மலைக்கு ஏறும் பழைய வழி அவ்வநுபவத்தைக் குறைவின்றித் தருகின்றது.

ஒரே வீதி

கல்லடிப் பாலத்தின் மேல் நாள்தோறும் செல்வோரிற் பலர் அறியாத செய்தியொன்று உண்டு. அப்பாலத்தைக் கடந்து காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தெற்கே செல்லும் அவ்வீதியே பின்னர் மேற்கே திரும்பி, சியம்பலாண்டுவை, மொனராகலை, வெல்லவாய ஆகிய ஊர்களைத் தொட்டு, மலையேறிப் பலாங்கொடை, பெல்மதுளை வழியாக இரத்தினபுரியை அடைந்து, கொழும்பிற் சென்று முடிகின்றது. ஏ-4 என்று வீதிப் படங்களிற் குறிக்கப்படும் இப்பெருவீதி நம் வாவியையும் அம்மலையின் அடிவாரத்தையும் ஒரே நூலிற் கோத்திருக்கின்றது.

இரத்தினபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து 130 மீட்டர் அளவே உயரமானது. அங்கிருந்து மல்வலை, கிலிமலை ஊர்களைக் கடந்து பலாபத்தலை சென்றால் நடைவழி தொடங்குகின்றது. அவ்விடமும் சில நூறு மீட்டர் உயரத்திலேயே உள்ளது. ஆகவே ஏறுவோர் தம் உடலை 1,700 மீட்டருக்குக் குறையாத உயரத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். மாடியொன்றுக்கு மூன்று மீட்டர் என வைத்துக் கணக்கிட்டால், இது ஐந்நூற்று அறுபது மாடிகளுக்கு மேல் படியேறுவதற்குச் சமம்! ஹட்டன் பக்கத்து நல்லதண்ணி வழியோ ஏறத்தாழ 5,500 படிகளைக் கொண்டது. ஏற வேண்டிய உயரமும் ஏறத்தாழ 1,000 மீட்டர்தான். இரண்டு வழிகளுக்குமுள்ள வேறுபாடு இவ்வெண்களிலேயே விளங்கும்.

முன்னோர் நடந்த வழி

கி.பி. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூத்தா புத்தளக் கரையில் வந்திறங்கினார். அங்கு அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்துத் தமிழரசராகிய ஆரியச்சக்கரவர்த்தி. பாரசீக மொழி அறிந்திருந்த அம்மன்னர், விருந்தினரின் விருப்பம் யாதென வினவினார். ஆதம் நபியின் பாதச்சுவட்டைக் காண்பதே தம் விருப்பம் என்றார் யாத்திரிகர். உடனே மன்னர் பல்லக்கொன்று கொடுத்து, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், தம் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமப்போர் பதினைவரையும் துணையாக அனுப்பிவைத்தார்.

இச்செய்தியைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். சைவ மன்னர் ஒருவர், இசுலாமியர் ஒருவரை, இந்து யோகியர் துணையோடு, பௌத்தர் போற்றும் மலைக்கு அனுப்புகின்றார். அதனை எவரும் விந்தையாகக் கருதியதாகக் குறிப்பில்லை. பௌத்தர் இதனைச் சிறீபாதம் என்பர். சைவர் சிவனொளிபாதம் என்பர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். கிறித்தவருட் சிலர் புனித தோமையாரின் அடிச்சுவடு என்பர். ஒரு பாறைக் குழியை நான்கு சமயத்தார் நான்கு பெயரால் வணங்கியும் ஒருவரையொருவர் வழிமறியாத இடம் உலகில் அரிதினும் அரிது.

பதினோராம் நூற்றாண்டில் முதலாம் விசயபாகு மன்னன் மலை யாத்திரிகர் படும் இன்னலைக் கண்டு, அவர்களுக்கு உணவளிப்பதற்காகக் கிலிமலைக் கிராமத்தை மானியமாக விட்டான் என்று மகாவம்சம் கூறும். ஊவா வழியாக வருவோர்க்கும் அவன் தங்கும் மடங்கள் அமைத்தானாம். கிழக்கேயிருந்து செல்லும் நாமும் அவ்வழி வருவோரே அன்றோ? பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் மலையின் பராமரிப்பைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டிற் கீர்த்திசிறீ இராசசிங்கன் காலத்தில் அது மீண்டும் பௌத்த பிக்குகளின் கைக்கு வந்தது.

காட்டினுள்ளே

பலாபத்தலையில் விடியுமுன் புறப்படுவோர் முதலில் தாழ்நில மழைக்காட்டினுட் புகுகின்றனர். நெடிதுயர்ந்த மரங்களின் கீழ் பகலிலும் மங்கிய ஒளியே உண்டு. நீர் சொட்டும் ஓசை ஓயாது. இங்குள்ள அட்டைகள் பெயர் போனவை. இபுனு பத்தூத்தாவே இவற்றைப் பற்றி எழுதியிருக்கின்றார். யாத்திரிகர் எலுமிச்சை கொண்டுசென்று அட்டை மேற் பிழிந்து அதனை விழச் செய்வர் என்பது அவர் குறிப்பு. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழிந்தும் அம்மருந்து மாறவில்லை. பையில் இரண்டு தேசிக்காய்களை இட்டுச் செல்லுங்கள்.

வழியில் நீலிகெல என்னும் பாறை விளிம்பு வரும். நீலி என்னும் பெண்ணொருத்தி அங்கிருந்து விழுந்து மாண்டாள் என்பது கர்ணபரம்பரைக் கதை. யாத்திரிகர் அவள் பெயரைக் கூவியழைக்க, எதிர்மலை அப்பெயரைத் திருப்பிச் சொல்லும். எதிரொலி என்று பாடநூலிற் படித்த மாணவர்க்கு இவ்விடத்தில் அது உடல் சிலிர்க்கும் பாடமாகும்.

உயரம் கூடக்கூடக் காடு உருமாறுகின்றது. மரங்கள் குட்டையாகின்றன; கிளைகள் முறுக்கேறுகின்றன; அடிமரமெங்கும் பாசி படர்கின்றது. இதுவே முகிற்காடு. மழை பெய்யாத நாளிலும், தவழ்ந்து செல்லும் மூடுபனியை இலைகளும் பாசியும் வடித்தெடுத்து நிலத்துக்கு நீராகத் தருகின்றன. களனி கங்கையும் களு கங்கையும் இம்மலைத்தொடரின் நீரை வாங்கியே கடல் நோக்கிச் செல்கின்றன. நீலகிரியார் காட்டுப் பூவரசு என்றழைக்கும் செந்நிறப் பூமரமும் இவ்வுயரங்களிலேதான் காணப்படும். தாழ்நிலக் காடு முதல் முகிற்காடு வரை இடையறாது தொடரும் வனம் இலங்கையில் வேறெங்கும் காண்பதரிது. 1940ஆம் ஆண்டில் இது சரணாலயமாக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் ஓட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் வனத்தோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

வழியில் எதிர்ப்படும் சிங்கள யாத்திரிகர் "கருணாவை" என்று வாழ்த்துவர். நாமும் அவ்வாறே திருப்பி வாழ்த்துவது மரியாதை. முதன்முறை ஏறுவோரைக் "கோடுகாரர்" என்று அன்போடு அழைப்பர். அப்பெயரைப் பெறுவதில் நாணம் வேண்டுவதில்லை. மலையில் எல்லோரும் ஒருமுறை கோடுகாரரே.

சங்கிலிகளும் சிகரமும்

எரமிட்டிபானை என்னும் தங்குமிடத்தைக் கடந்தபின் மகாகிரிதம்பை என்னும் ஏற்றம் தொடங்குகின்றது. இதுவரை நடந்ததெல்லாம் முன்னுரையே என்று தோன்றும். படிகள் ஏணிபோல் நிமிர்கின்றன. காற்று இருபுறமும் இரைகின்றது. மார்க்கோ போலோவும் இபுனு பத்தூத்தாவும் இம்மலையின் இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதினர். சங்கிலிகள் பத்து என்று எண்ணிச் சொன்னார் பின்னவர். அக்காலத்தில் கால் வழுவினால் உயிருக்கு உறுதியில்லை. இன்று சீமெந்துப் படிகளும் கைப்பிடிக் கம்பிகளும் உள்ளமையால் அவ்வச்சம் நீங்கியது. ஆயினும் ஈரப் படியில் விரைதல் ஆகாது.

உச்சி ஒரு சிறிய மேடை. பாதச்சுவட்டின் மேல் மண்டபம், அருகே மணி. எத்தனை முறை மலையேறினோமோ அத்தனை முறை மணியடிப்பது வழக்கம். 1817ஆம் ஆண்டில் ஏறிய ஆங்கில மருத்துவர் யோன் டேவி பாதச்சுவட்டை அளந்து, நீளம் ஐந்தடி மூன்றேமுக்கால் அங்குலம் என்று எழுதினார். இபுனு பத்தூத்தா பதினொரு சாண் என்றார். அளவுகள் வேறுபடலாம், ஏறியவர் அடைந்த மனநிறைவு ஒன்றே.

இங்கு நின்று வடகிழக்கே நோக்கும் மட்டக்களப்பார் மனத்தில் "நம் ஊர் தெரியுமா?" என்னும் கேள்வி எழும். மாணவர்கள் இதனைக் கணக்காகவே செய்து பார்க்கலாம். 2,243 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தூரத்தில் அமையும். மட்டக்களப்பு நகரமோ நேர்கோட்டில் ஏறத்தாழ 165 கிலோமீட்டர். கணக்குப்படி தெரியத்தான் வேண்டும்! ஆனால் இடையே பிதுருதலாகலையும் அதன் சுற்றுமலைகளும் நிமிர்ந்து நின்று மறைத்துவிடுகின்றன. உலகம் உருண்டை என்பது தடுக்கவில்லை. நம் நாட்டு மலைகளே தடுக்கின்றன.

நிழலின் இரகசியம்

இரவில் ஏறி விடியலில் உச்சியில் நிற்போர் காணும் அற்புதம் ஒன்றுண்டு. கதிரவன் எழும் கணத்தில் மலையின் நிழல் மேற்கே கூரிய முக்கோணமாக விழுகின்றது. பனிமூட்டத்தின்மேல் விழும்போது அது எழுந்து நிற்கும் கோபுரம் போலவே தோன்றும். மலை கூம்பு வடிவினதாதலால் நிழலும் கூம்பு வடிவாயிற்று என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. நெடுந்தூரம் நீளும் நிழலின் இரு விளிம்புகளும், புகையிரதத் தண்டவாளங்கள் தொலைவிற் கூடுவது போல, நம் கண்ணுக்கு ஒன்றுகூடுகின்றன. மொட்டையான மலையின் உச்சியில் நின்றாலும் நிழல் முக்கோணமாகவே தோன்றும்.

பகலில் ஏறுவோர் இக்காட்சியை இழக்கின்றனர் என்பது மெய். அதற்கீடாக, இரவில் ஏறுவோர் காணாத காட்டை முழுவதும் காண்கின்றனர். எதை விரும்புவது என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. காடு காண விரும்புவோர்க்கும், மாணவர்க்கும் பகல் நடையே சிறந்தது என்பது எம் கருத்து.

இறங்குவதும் ஒரு கலை

மலையிற் கடினமான வழியைப் பாவா என்றும், எளிய வழியை மாமா என்றும் அக்காலத்தார் அழைத்தனர் என்கின்றார் இபுனு பத்தூத்தா. எளிய வழியால் ஏறியவர் யாத்திரை செய்தவராகவே மதிக்கப்படவில்லையாம். அது திரும்புவதற்கு உரிய வழி. அவ்வறிவுரையைப் பின்பற்றி, இரத்தினபுரிப் பக்கத்தால் ஏறியவர் நல்லதண்ணிப் பக்கத்தால் இறங்குவது நன்று. கீழே தேயிலைத் தோட்டங்களும், 1969ஆம் ஆண்டில் எழுந்த மவுசாகலை அணையின் நீர்த்தேக்கமும் விரிகின்றன. தலைமுறை தலைமுறையாக அம்மலைச் சரிவுகளைப் பச்சையாக்கிய நம் மலையகச் சகோதரரின் ஊர்கள் அவை. மஸ்கெலியா, ஹட்டன் வழியாக ஊர் திரும்பலாம்.

ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கம் முழங்காலை வாங்கும். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குகின்றன. அதனாலேயே மறுநாள் மாடிப்படி இறங்கவும் கால்கள் மறுக்கும். ஊன்றுகோல் ஒன்றும், சிறு சிறு அடிகளுமே இதற்குப் பரிகாரம். ஏறுவதற்கு ஆறு முதல் எட்டு மணி நேரமும், இறங்குவதற்கு மூன்று நான்கு மணி நேரமும் ஒதுக்குதல் வேண்டும். நண்பகல் கடந்தும் எரமிட்டிபானையை அடையாதவர் அன்று உச்சியைக் கருதாது அங்கேயே தங்குவதோ திரும்புவதோ அறிவுடைமை.

யார் ஏறலாம்? எப்பொழுது ஏறலாம்?

மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரையே யாத்திரைக் காலம். ஏனைய மாதங்களில் திருவுருவம் பெல்மதுளை விகாரையில் வைக்கப்பட்டிருக்கும். அக்காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மலையை மழையாலும் புயற்காற்றாலும் மூடிவிடும். வழியிற் கடைகளோ விளக்குகளோ உதவுவாரோ இரார். அப்போது ஏறத் துணிவது வீரமன்று.

யாத்திரைக் காலத்துள்ளும் தை முதல் பங்குனி வரையுள்ள வாரங்களே நடைக்கு ஏற்றவை. சித்திரை விடுமுறையிற் பிள்ளைகளை அழைத்துச் செல்ல எண்ணும் பெற்றோர் ஒன்றை மறத்தலாகாது: சித்திரை மாதத்துப் பிற்பகல்களில் இடியும் மின்னலும் மிகுதி. உச்சியும் அதற்கு முந்திய படிகளும் மின்னலுக்குத் திறந்த வெளிகள். அம்மாதத்தில் ஏறுவோர் நண்பகலுக்கு முன் உச்சியை விட்டு இறங்கத் தொடங்குதல் வேண்டும். ஆதலின் முதல்நாள் மாலையே எரமிட்டிபானை வரை ஏறித் தங்குதல் தகும். பெருமழை பெய்து ஓய்ந்த நாட்களில் மண்சரிவு அபாயம் பற்றி இரத்தினபுரியில் விசாரித்த பின்னரே புறப்படுக.

குளிரைப் பற்றியும் கூறுதல் வேண்டும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறைகின்றது. வாவிக்கரையில் 28 பாகையாயின் உச்சியில் 14 பாகை அளவே இருக்கும். இரவில் இன்னும் தாழும். வியர்வையில் நனைந்த உடையோடு காற்றில் நிற்பவருக்கு அது கடுங்குளிர். மாற்றுச் சட்டை ஒன்றும், கம்பளிச் சட்டை ஒன்றும், மழைக்கோட்டும் நனையாதவாறு கட்டிக்கொண்டு செல்லுங்கள். காற்றழுத்தம் உச்சியில் நான்கிலொரு பங்களவு குறைந்திருப்பினும், உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேயே தோன்றுவதால் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அங்கே தண்ணீர் 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடும் என்பது மாணவர்க்குச் சுவையான செய்தி.

நெஞ்சு நோய், இளைப்பு நோய், முழங்கால் வாதம் உடையோர் வைத்தியரைக் கேளாது புறப்படலாகாது. அவர்களும் முதியோரும் சிறு பிள்ளைகளும் நல்லதண்ணி வழியையே நாடுக. அதனாற் புண்ணியம் ஒன்றும் குறைந்துவிடாது. ஏனையோர் ஆறு வாரங்களுக்கு முன்னரே பயிற்சி தொடங்குவது நன்று. மலையில்லா ஊரில் எங்கே பயில்வது என்று மலைக்க வேண்டா. கல்லடிக் கடற்கரையின் தளர்மணலில் ஒரு மணி நேரம் விரைந்து நடப்பது கெண்டைக்காலுக்கு நல்ல பயிற்சி. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளைச் சுமையோடு இருபது முறை ஏறியிறங்குவது முழங்காலுக்கு நல்ல பயிற்சி. பழகிய சப்பாத்தையே அணிக. புதுச் சப்பாத்து மலையில் பகைவனாகும். ரோர்ச் விளக்கு ஒன்றும், தண்ணீரும், கட்டுச்சோறும், வழியில் மெல்ல எள்ளுருண்டையும் நம்மூர்க் கச்சானும் போதும். தனியே செல்லாதீர்கள், கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு, வலியவர் பின்னே வருக.

வழியைக் காப்பவர் யார்?

விசயபாகு மன்னன் சோற்றுக்கு ஊர் கொடுத்தான். ஆரியச்சக்கரவர்த்தி அயல்நாட்டாருக்குத் துணையாட்கள் கொடுத்தார். பெயர் தெரியாத எத்தனையோ பேர் கல் சுமந்து படி அமைத்தனர். அவர்கள் யாரும் தமக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. அவர்களுக்குப் பின்வந்த நாமோ ஆண்டுதோறும் இலட்சக்கணக்கிற் சென்று, பிளாஸ்ரிக் போத்தல்களையும் பொலித்தீன் உறைகளையும் அம்முகிற்காட்டிற் சிதறவிட்டு மீள்கின்றோம். பாசி படர்ந்த மரத்தடியில் வீசிய போத்தல் நம் பேரப்பிள்ளைகள் ஏறும் நாளிலும் அங்கேயே கிடக்கும். களனியிலும் களு கங்கையிலும் நீர் அருந்துவோர்க்கு நாம் அனுப்பும் பரிசு அதுவாகலாமா?

கொண்டுசென்ற ஒவ்வோர் உறையையும் கீழே கொண்டுவரும் பிள்ளை, உச்சியில் மணியடித்த பிள்ளையிலும் மேலான யாத்திரிகன். தந்தையரும் தாயரும் ஆசிரியரும் இதனைச் சொல்லிக் கொடுத்தாற் போதாது. தாமே குனிந்து பொறுக்கிக் காட்டுதல் வேண்டும். மலை நமக்குக் கற்பிப்பது ஏறுவதை மட்டுமன்று. நமக்குப் பின் ஏறுவோரை நினைப்பதையும் கற்பிக்கின்றது. அந்நினைவோடு, வருகின்ற தை மாதத்தில் எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஒரு சில குடும்பங்களேனும் புறப்படுமாயின், அம்மலை வழி இன்னும் பல நூற்றாண்டு திறந்திருக்கும்.